சிறை மீண்டோரும் நம் ஜகாத்தும்

ரமளான் நெருங்கும் நாட்களில் மஹல்லாக்கள்தோறும் ஜகாத் பட்டியல் தயாராகிறது. விதவைகள், யத்தீம்கள், கடன்பட்டோர், நோயாளிகள், குமர் காரியத்திற்கு வழியற்ற பெற்றோர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. பட்டியலைப் படித்துக்கொண்டே வரும்போது ஏதோ ஒரு பெயரில் சபை சற்று மௌனமாகிறது. "அவன் ஜெயிலுக்குப் போய் வந்தவனாயிற்றே!" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் மறுத்துப் பேசுவதில்லை. பேனா அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது.

இவ்வாறு தாண்டிப் போவதற்கு நமது மார்க்கத்தில் இடமிருக்கிறதா, அந்த மனிதருக்கு எதை எங்கிருந்து பெற்றுத் தரலாம் என்பதே இம்மாதப் பாடமாகும்.

ஜகாத் யாருக்கு உரியது என்பதை வல்ல அல்லாஹ் திருமறையின் ஒன்பதாவது அத்தியாயம், 60-வது வசனத்தில் தானே வகுத்துவிட்டான். எட்டு வகையினர் அதில் வருகின்றனர். பகீர், மிஸ்கீன் என்ற இரு வகையினரும் அவற்றில் முதலாவதாக நிற்கின்றனர். வறுமையும் தேவையுமே அங்கு அளவுகோல். அந்த வறியவர் முன்பு என்ன செய்தார், எங்கிருந்து வருகிறார் என்ற கேள்வி அந்த வகுப்பிலேயே இல்லை. சிறையிலிருந்து வெளிவந்தவரிடம் உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் வழியில்லையென்றால் அவர் பகீர், அவ்வளவுதான். சிலர், "அடிமைகளை விடுவிக்க" என்று வருகின்ற வகைக்குள் இவரைக் கொண்டுவர முடியுமா என்று ஆராய்கின்றனர். அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு அந்த ஆராய்ச்சி தேவையே இல்லை. முதல் வாசல் அகலத் திறந்திருக்க, கொல்லைப்புறச் சுவரை ஏறிக் குதிப்பானேன்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு மனிதர் இரவில் தர்மம் செய்யப் புறப்படுகிறார். இருட்டில் யாரென்று தெரியாமல் ஒரு திருடனின் கையில் கொடுத்துவிடுகிறார். விடிந்ததும் ஊரார் அதைப் பற்றியே பேசுகின்றனர். மறுநாள் கொடுத்தது நடத்தை கெட்ட ஒரு பெண்ணின் கையில் சேர்கிறது. அதற்கடுத்த நாள் ஒரு செல்வந்தரின் கையில். மூன்று முறையும் அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்தாரே தவிர, மனம் கசக்கவில்லை. அவருக்கு என்ன அறிவிக்கப்பட்டது? அந்தத் தர்மத்தால் திருடன் தன் திருட்டை விட்டுவிடக் கூடும், அப்பெண் தன் தவறான வழியை விட்டுவிடக் கூடும், செல்வந்தர் பாடம் பெற்றுத் தாமும் கொடுக்கத் தொடங்கக் கூடும் என்று. இது கடமையான ஜகாத்தைக் குறிக்காது, உபரியான ஸதகாவையே குறிக்கும் என்று கூறும் அறிஞர்கள் உளர். அப்படியே இருக்கட்டும். திருடன் திருட்டை விடுவதற்குப் பிறர் கொடுக்கும் காசு ஒரு காரணமாகலாம் என்ற உண்மை மட்டும் இதில் மறுக்க முடியாதபடி நிற்கிறது. நாமோ, "முதலில் அவன் திருந்தட்டும், பிறகு கொடுப்போம்" என்கிறோம். வரிசையையே தலைகீழாக மாற்றிவிட்டோம்!

மக்சூம் குலத்துப் பெண்ணின் வரலாற்றை நாம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மக்கா வெற்றியின் காலத்தில், ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், உயர்குலத்துப் பெண்ணொருவர் திருடிவிட்டார். குறைஷியர் அவமானத்திற்கு அஞ்சி, உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினர். அண்ணலார் (ஸல்) முகம் சிவந்தார்கள். தமது அருமை மகளே செய்திருந்தாலும் தண்டனை ஒன்றுதான் என்று அறிவித்தார்கள். தண்டனை நிறைவேறியது. பயான் செய்பவர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார். நாமும் இஸ்லாமிய நீதியின் உறுதியை வியந்தபடி வீடு திரும்பிவிடுகிறோம்.

ஆனால் அறிவிப்பு அங்கே முடியவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் மேலும் கூறியதையும் புகாரி இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பெண் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணமும் செய்துகொண்டார். அதன் பின்னர் அவர் ஆயிஷா நாயகியிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய தேவைகளை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகள் நாயகத்திடம் எடுத்துச் சொல்வார்கள்.

இதைச் சற்று நின்று கவனியுங்கள். தண்டித்த கரமும் தேவையைக் கேட்ட செவியும் ஒருவருடையவையே. தண்டனை விஷயத்தில் இம்மியளவும் சிபாரிசு ஏற்கப்படவில்லை. தண்டனை முடிந்த பிறகு தேவை விஷயத்தில் கதவு மூடப்படவும் இல்லை. அவர் வந்து போகின்ற வீடாக நபியின் வீடு இருந்தது. நமது வீடுகளில் எத்தனை வீட்டுத் திண்ணையில் இப்படிப்பட்ட ஒரு பெண் தயக்கமின்றி வந்து அமர முடியும்?

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டுத் திரும்பிச் சென்ற ஒருவரை, "அல்லாஹ் உன்னைக் கேவலப்படுத்தட்டும்" என்று சிலர் சபித்தபோது, அவருக்கெதிராக ஷைத்தானுக்கு நீங்கள் உதவி செய்ய வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும் புகாரியில் உள்ளதே. சபிக்கப்பட்டவன் எங்கே போவான்? தன்னைச் சபிக்காத பழைய கூட்டாளிகளிடமே போவான். சிறை வாசலில் அவனுக்காகக் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். பள்ளிவாசல் நிர்வாகிகள் அல்லர்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். சிறைக்குப் போய் வந்தவர் எல்லாரும் குற்றவாளிகள் என்று நினைப்பதே தவறு. 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவர்களும் அவர்களில் உண்டு. மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்ட வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் அது ஏழைக்கு எட்டாத தொகை என்று கண்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஏழையின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. பின்னர் நிரபராதி என்று விடுதலையானவரையும் "ஜெயிலுக்குப் போனவன்" என்றே நாம் அழைத்தால், அது அவதூறாகும். அதன் கணக்கு மறுமையில் நம்முடையது.

இனி, உதவும் முறையைப் பார்ப்போம். இதில் நமக்கு வழிகாட்டியாக ஒரு பழைய நூல் இருக்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் தலைமாணவரான இமாம் அபூயூசுப் (ரஹ்), கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூல்தான் அது. இமாமவர்கள் ஹிஜ்ரி 182-இல், அதாவது கி.பி. 798-இல் மறைந்தார்கள். ஆகவே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆலோசனை இது. கைதிகளைச் சங்கிலியோடு தெருவுக்கு அழைத்து வந்து பிச்சையெடுக்க விடும் வழக்கத்தை அவர்கள் கண்டித்தார்கள். கைதிகளுக்கு ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்களே அதை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஆளுக்கு மாதம் 10 திர்ஹம் பணமாகக் கொடுங்கள் என்றார்கள். நம்பிக்கையான ஒருவரை நியமித்து, பெயர்ப் பட்டியல் வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையிலேயே கொடுக்கச் சொன்னார்கள். குளிர்காலத்துக்கு என்ன உடை, கோடைக்கு என்ன உடை, பெண்களுக்கு என்ன உடை என்பதைக்கூட விட்டுவிடவில்லை. பெரிய இமாம் ஒருவர் கைதியின் சட்டையைப் பற்றி எழுதுவதைத் தமது தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை.

நமது ஜமாஅத்தார் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பெயர் சொல்லி அழைப்பது, கையில் கொடுப்பது என்ற இரண்டும்தான். ஹனபி மத்ஹபில் ஜகாத்துக்குத் 'தம்லீக்' அவசியம். பெறுபவரை அப்பொருளுக்குச் சொந்தக்காரராக ஆக்கிவிட வேண்டும். "இவன் கையில் பணத்தைக் கொடுத்தால் கெடுத்துவிடுவான்" என்ற அச்சம் சிலருக்கு உண்டு. சில வேளை அது நியாயமான அச்சமே. அப்போது ஹனபிகள் அரிசி, துணி, தொழிற்கருவி எனப் பொருளாகவே கொடுத்துவிடலாம். பணத்தின் ஜகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டுமெனும் ஷாபி மத்ஹபினர், அவரைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்று, பணத்தை அவர் கையில் தந்து, அவர் கையாலேயே வாங்கச் செய்யலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணி நேரம் ஊரார் பார்க்க அவருடன் நடப்பதும் ஓர் உதவிதான்.

விடுதலையானவரின் முதல் வாரமே மிகவும் இக்கட்டானது. எட்டு, பத்து ஆண்டுகள் உள்ளே இருந்தவருக்குப் பஸ் கட்டணம் தெரியாது. கைப்பேசியில் பணம் அனுப்பும் முறை தெரியாது. வாடகை வீட்டுக்கு எவ்வளவு முன்பணம் கேட்பார்கள் என்பதும் தெரியாது. உள்ளே செய்த வேலைக்கான கூலியில் மிச்சம் ஏதேனும் இருந்தால் விடுதலையின்போது கிடைக்கும். அது பல நாளைக்கு வராது. எனவே முதல் வாரத்துக்கான உணவையும் தங்குமிடத்தையும் எவ்வித விசாரணையுமின்றி ஏற்பாடு செய்துவிட வேண்டும். உறவினர் ஏற்கத் தயங்கினால், சென்னை போன்ற நகரங்களில் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் உள்ளன. ஆனால் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஓர் அறை காலியாகக் கிடக்கும்போது ஒருவரை அங்கே அனுப்புவது அழகல்ல.

அடுத்தது தாள்கள். இதைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். தாளில்லாதவனுக்கு இன்று அரிசியும் இல்லை, வேலையும் இல்லை. சிறையில் தரப்படும் விடுதலைச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நகலைப் பள்ளிவாசல் அலுவலகத்திலும் வைக்கலாம். ஆதார் அட்டை தொலைந்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தால் மீண்டும் சேர்க்க இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கியில், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டுத் திறக்கலாம். சிறைக்குப் போனவருக்கு இனி ஓட்டே கிடையாது என்றொரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. அது சரியன்று. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சிறையில் இருக்கும் காலத்தில்தான் ஓட்டளிப்பதைத் தடுக்கிறது. வெளியே வந்தவர், பட்டியலில் பெயர் இருக்குமானால், தாராளமாக ஓட்டளிக்கலாம்.

அரசிடமிருந்து பெறக் கூடியவற்றையும் அறிந்து வைப்பது நல்லது. சிறைத் துறையின் கீழ் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கின்றனர். விடுதலையானோருக்கு உதவுவதற்கென்று சங்கமும் உண்டு. அதன் உதவியைப் பெறும் வழியை நன்னடத்தை அலுவலரிடமே கேட்டறியலாம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பின் காரணமாகச் சட்டத்தில் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று அச்சட்டத்தின் 12-வது பிரிவு கூறுகிறது. வேலை மறுக்கப்பட்ட இளைஞர் யாரேனும் இந்த வகையில் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். காவலில் இருப்பவர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்புகூட இல்லை. தொலைபேசி எண் 15100. அபராதம் கட்ட முடியாததாலேயே உள்ளே இருப்பவருக்கும், ஜாமீன் தொகை இல்லாத ஏழைக்கும் உதவ ஒன்றிய அரசு 2023-இல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு வெளியான விதிமுறையில், விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் மாவட்ட அளவிலேயே அனுமதிக்கலாம் என்று இருந்தது. நமது ஊர்க்காரர் ஒருவர் உள்ளே இருந்தால், ஜமாஅத் காரியதரிசி இதைக் குறித்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவதில் என்ன சிரமம்?

ஜகாத்திலிருந்து அபராதம் கட்டலாமா என்று கேட்கப்படுகிறது. அபராதம் அவர் மீதுள்ள கடன் போன்றதே. அவர் ஏழையாயிருந்து, தொகையை அவர் கையில் கொடுத்து, அவர் கட்டுவாரானால் சிக்கலில்லை. உள்ளே இருப்பவரெனில் அவருடைய சம்மதத்தைப் பெற்று அவர் சார்பாகக் கட்ட வேண்டும். பாவமான காரியத்தால் ஏற்பட்ட கடனுக்கு, கடனாளி என்ற வகையில் ஜகாத் தருவதற்கு அவர் தவ்பா செய்திருக்க வேண்டுமென்பது ஷாபி மத்ஹபின் நிபந்தனை. ஆனால் அவரது பசிக்குத் தருவதற்கு அந்த நிபந்தனை இல்லை. ஜாமீன் பணம் வேறு வகை. வழக்கு முடிந்ததும் அது திரும்பி வரக் கூடியது. அதற்கு ஜகாத்தைத் தொடாமல், கர்ழே ஹஸனாவாகவோ உபரி ஸதகாவிலிருந்தோ தருவது பேணுதல். ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுங்கள்.

அவர் ஒருவருடைய பொருளை எடுத்ததற்காகச் சிறை சென்றவராயின், சிறைவாசத்தால் அந்தப் பொருளின் கடன் தீர்ந்துவிடாது. அது அடியார்களின் ஹக்கு. பறிகொடுத்தவரும் நமது தெருவிலேயே ஏழையாக இருக்கக் கூடும். அவரை மறந்துவிட்டு இவருக்கு மட்டும் உதவினால் ஊரில் மனக்கசப்புத்தான் மிஞ்சும். பெரியவர்கள் இருவரையும் அழைத்துப் பேசி, சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்க வழி செய்யவேண்டும்.

பின்னர் தொழில். கைத்தொழில் அறிந்தவருக்கு அவருடைய கருவியை வாங்கும் அளவுக்கும், வியாபாரிக்கு முதலுக்குத் தேவையான அளவுக்கும் ஜகாத்தில் கொடுக்கலாம் என்று ஷாபி பிக்ஹு நூல்கள் விவரமாகவே எழுதுகின்றன. ஹனபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுத்துவிடுவது மக்ரூஹ் என்றாலும், கடனும் பெரிய குடும்பமும் உள்ளவருக்கு அவ்வாறில்லை. நமது மத்தியச் சிறைகளில் தையல், நெசவு, காலணி தைப்பது, ரொட்டி சுடுவது எனப் பல தொழில்கள் கற்றுத் தரப்படுகின்றன. ஐந்தாண்டு தையல் தைத்தவருக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தால் போதும். அவருக்கு ஐந்து கிலோ அரிசியை வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டிருப்பது, கொடுப்பவருக்குச் சுலபம். வாங்குபவருக்கு அது விடிவல்ல. சிறுபான்மையினருக்கான அரசுக் கழகத்தின் கடன்களில் வட்டி உண்டு. ஆகவே ஊர் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுப்பதே நமக்கு ஏற்ற வழி. தவணை தவறினால் பொறுத்திருக்கும் மனமும் வேண்டும்.

வேலைக்குச் சேர்க்கும் முதலாளி பள்ளிவாசலில் கடிதம் கேட்பார். பொய்யாக எழுதக் கூடாது. கேட்காததையெல்லாம் தோண்டி எழுதவும் தேவையில்லை. "இவர் இன்ன தேதி முதல் எங்கள் மஹல்லாவில் வசிக்கிறார். தொழுகைக்கு வருகிறார். எங்களுக்குத் தெரிந்து இப்போது ஒழுங்காக நடக்கிறார்" என்று அறிந்ததை மட்டும் எழுதலாம். ஆயினும் தேவைக்கு உதவுவது வேறு, பொறுப்பில் அமர்த்துவது வேறு. பணம் கையாடியவரிடம் உண்டியல் சாவியைக் கொடுக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. சிறுவர்களுக்குத் தீங்கிழைத்தவரை மக்தபின் பக்கம் விடவே கூடாது; இதில் தாட்சண்யம் பார்ப்பது பாவம். அவருக்கும் பசிக்குச் சோறு உண்டு; வேலை வேறிடத்தில் பார்த்துத் தர வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். கணவன் சிறையிலிருந்து வந்தால் மனைவி சோறு போடுகிறாள். மனைவி வந்தால் அவள் இடத்தில் வேறொருத்தி இருப்பதையும், பெற்ற பிள்ளைகளைப் பார்க்கவிடாமல் தடுப்பதையும் காண்கிறோம். போக இடமில்லாத பெண்களைத் தங்கவைக்க 'ஸ்வாதார்' என்ற பெயரில் அரசு இல்லங்கள் இருந்தன. அத்திட்டம் இப்போது 'சக்தி சதன்' என்பதில் சேர்க்கப்பட்டுள்ளது. 181 என்ற எண்ணில் விசாரிக்கலாம். ஆனால் இத்தகைய பெண்ணிடம் ஆண் நிர்வாகிகள் நால்வர் போய் நின்று விசாரிப்பது கூடாது. ஆலிமாக்கள், வயதில் மூத்த பெண்மணிகள் ஓரிருவர் சென்று, அவர் சொல்லும் தேவையைக் கேட்டு வந்து சபையில் வைக்கட்டும். ஆயிஷா நாயகி (ரலி) செய்தது அதுதானே?

குடும்பத் தலைவர் இன்னும் உள்ளேயே இருக்கும் வீடுகளையும் பட்டியலில் சேருங்கள். அந்த மனைவி விதவையல்ல, ஆகவே விதவைகள் பட்டியலில் வர மாட்டாள்; அந்தப் பிள்ளைகள் யத்தீம்கள் அல்லர், ஆகவே யத்தீம்கள் பட்டியலிலும் வர மாட்டார்கள். பள்ளிக் கட்டணம் கட்டாமல் ஒரு பிள்ளை நின்றுவிட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. "கொடுத்தோம், அவன் மறுபடியும் தவறு செய்து உள்ளே போய்விட்டான். எங்கள் ஜகாத் வீணாகிவிட்டதா? திரும்பக் கொடுக்க வேண்டுமா?" இல்லை. கொடுத்த நேரத்தில் அவர் ஏழையாக இருந்தார், உரியவர் கையில் உரிய பொருள் சேர்ந்தது, கடமை நிறைவேறிவிட்டது. அதன் பிறகு அவர் செய்வதற்கு அவரே பொறுப்பு. மறுமுறை அவர் வெளியே வரும்போதும் கையில் ஒன்றுமில்லாமல் வந்தால், அவ்வாண்டுப் பட்டியலிலும் அவர் பெயரை எழுதலாம்.